கன்னி ராசிக்கு ஒரு சொல் பாக்கி

27 மார்ச் 2020, வெள்ளி

ஊரடங்கு மூன்றாம் நாள். போன வருடம் நாங்கள் தயாரித்து வாங்க ஆளில்லாமல் போன டைரிகளில் ஒன்று பரணில் கிடந்தது. துடைத்து எடுத்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நான் எழுதிய பொன்மொழி இருக்கிறது. இன்றைய பக்கத்தில், 'தனிமை ஞானத்தின் வாசல்.' இதை எழுதியவனைத் தேட வேண்டியதில்லை. சவரம் செய்யும்போது எதிரில்தான் நிற்கிறான்.

அவனைப் பற்றிச் சில குறிப்புகள்: கோமதிநாயகம், வயது ஐம்பத்திரண்டு, ஊர் சிவகாசி. காலண்டர் வடிவமைக்கும் 'நாள்மலர்' ஸ்டூடியோவில் எழுத்து வேலை. தினமும் காலையில் ஊரே கிழிக்கிற தாளில் 'மேஷம் – வரவு, ரிஷபம் – அலைச்சல்' என்று இருக்கிறதே, அந்தச் சொல்லைப் போடுகிற பாவி. அடிக்க வருகிறவர்கள் ஊரடங்கு முடிந்ததும் ஆறடி இடைவெளி விட்டு வரிசையில் வரலாம்.

ஸ்டூடியோவில் மொத்தம் நான்கே பேர். முதலாளி பூவலிங்கம் அண்ணாச்சி, டிசைனர் வினோலியா, நான், புரூஃப் பார்க்கும் சண்முகக்கனி. இந்தச் சண்முகக்கனி என் மனைவியும் ஆவாள். அவள் அண்ணன் பேத்திக்குப் பெயர் வைக்கும் விசேஷம் என்று கோவில்பட்டி போனவள் அங்கேயே மாட்டிக்கொண்டாள். அவ்வளவுதான். வேறொன்றுமில்லை.

ரசம் வைத்தேன். சாம்பாராக வந்தது.

2 ஏப்ரல், வியாழன்

முதல் ஜூம் கூட்டம். ராகுகாலம் முடிந்து மூன்று ஐந்துக்கு நல்ல நேரம் என்று அண்ணாச்சி குறித்திருந்தார். அவர் போனைப் பிடித்த பிடியில் திருநீறும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன.

"எல்லாரும் வந்தாச்சா? ஏய்யா கோமதி, நீயும் நானும் ஏன் ஒரே சைஸ்ல இருக்கோம்?"

"இதுல எல்லாரும் ஒரே சைஸ்தான் அண்ணாச்சி" என்றாள் வினோலியா.

"அது எப்படி? நான் முதலாளியில்லா. என்னைக் கொஞ்சம் பெருசாக்கும்மா. நீ டிசைனர்தானே."

சண்முகக்கனி கேமராவைத் திறக்கவில்லை. அவள் இருக்க வேண்டிய கட்டத்தில் ஒரு பச்சை வட்டமும் அதற்குள் 'ச' என்ற எழுத்தும் இருந்தன. கல்யாணமாகி இருபத்து நாலு வருடத்தில் இவ்வளவு நேரம் அவள் என்னைப் பார்த்து எதுவும் சொல்லாமல் இருந்தது இதுவே முதல் முறை. கோவில்பட்டியில் நெட் சரியில்லை போலிருக்கிறது.

9 ஏப்ரல், வியாழன்

பெரிய இடி. ஸ்டூடியோ இருக்கும் தெருவில் ஒருவருக்குத் தொற்று என்று இரண்டு முனையிலும் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். டின் உள்ளே மாட்டிக்கொண்டது.

டின் என்றால் பிஸ்கட் டின். எங்கள் தொழிலின் கர்ப்பகிரகம். திதி, நட்சத்திரம், சூலம் எல்லாம் ஜோசியர் முறைப்படி கணித்து அனுப்பிவிடுவார். பன்னிரண்டு ராசிக்குமான சொல் மட்டும் எங்கள் பொறுப்பு. டின்னில் அறுபத்திரண்டு சீட்டுகள்: வரவு, செலவு, பகை, பரிசு, சுகம், தாமதம், இப்படி. மேசையைச் சுற்றி நால்வரும் உட்கார்ந்து ஆளுக்கொரு சீட்டாக எடுப்போம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, வருடத்துக்கு நாலாயிரத்து முந்நூற்று எண்பது. ஒரே ராசிக்கு மூன்று நாள் தொடர்ந்து கெட்டது வரக்கூடாது. ஒரு கட்டத்துக்கு ஒரே சொல். இவை விதிகள். சண்முகக்கனி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துப் பச்சை மையில் கையெழுத்துப் போடுவாள். அதற்குப் பிறகு பூவலிங்கம் அண்ணாச்சியே ஆனாலும் கை வைக்கக்கூடாது.

இப்போது வினோலியா ஒரு ஷீட்டைக் கம்ப்யூட்டரில் திறந்துவிட்டிருக்கிறாள். நால்வரும் அவரவர் வீட்டிலிருந்து அதில் எழுதலாம். சண்முகக்கனி சரி பார்த்த கட்டத்தைப் பச்சையாக்குவாள்.

"டின் இல்லாம எப்படி எழுதுறது?" என்றேன்.

"அறுபத்திரண்டு சொல்லு. இத்தனை வருஷமாச்சு, மனப்பாடமா இருக்காதா?" என்றார் அண்ணாச்சி.

எனக்கு ஐம்பத்தொன்பது ஞாபகம் வந்தது. மீதி மூன்றும் அவளுக்குத்தான் தெரியும்.

14 ஏப்ரல், செவ்வாய்

சித்திரை ஒன்று. பாயசம் தீய்ந்தது.

22 ஏப்ரல், புதன்

இன்று ஒன்றரை மணி நேரம் விவாதம். பொருள்: 2021 காலண்டரில் 'பயணம்' என்ற சொல்லைப் போடலாமா?

"போட்டா உள்ள தூக்கி வச்சிருவான்" என்றார் அண்ணாச்சி. "ஊரே வீட்டுக்குள்ள கெடக்கு. நீ துலாத்துக்காரனைப் பயணம் போங்கற. அவன் பைக்கை எடுத்துட்டுப் போயி போலீஸ்ல அடி வாங்கினா நம்ம போன் நம்பர்தானே தாள்ல இருக்கு?"

"அது அடுத்த வருஷத்துக்கு அண்ணாச்சி. அதுக்குள்ள சரியாயிரும்" என்றாள் வினோலியா.

"நீ போன மாசமும் இதத்தான் சொன்ன."

பயணத்துக்குத் தடை. கூடவே விருந்து, சந்திப்பு, வருகை எல்லாம் போயின. கடைசியில் அண்ணாச்சி 'சளி' என்று புதிதாக ஒன்றைச் சேர்க்கப் பார்த்தார். 'ச' வட்டத்திலிருந்து எழுத்தில் ஒரு வரி வந்தது: "சளி ராசி பலன் இல்லை. நோய்." அவள் சொன்னால் சொன்னதுதான்.

சுவரில் மாட்டிய காலண்டர் இன்னும் மார்ச் இருபதிலேயே நிற்கிறது. தாள் கிழிப்பது அவள் வேலை. நான் தலையிடுவதில்லை.

6 மே, புதன்

ஆள் பார்க்காத இடத்தில் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று தெரிய வேண்டுமா? பொது ஷீட் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்.

ரிஷபத்துக்கு ஜனவரி முழுக்க 'மௌனம்'. விசாரித்ததில் வினோலியாவின் மாமியார் ரிஷப ராசி. இப்போது இருவரும் ஒரே அறையில் இருபத்து நாலு மணி நேரமும். சிம்மத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் 'புகழ்'. அண்ணாச்சி சிம்மம். நான் விருச்சிகம். என் ராசிக்கு 'லாபம்' கொஞ்சம் தாராளமாக விழுந்திருந்தது உண்மைதான்; கை போன போக்கு.

கெட்ட சொற்கள் எல்லாம் எங்கே போகும்? எங்கள் நால்வர் வீட்டிலும் மிதுன ராசிக்காரர் கிடையாது. பகை, தாமதம், கவலை, அலைச்சல் அத்தனையும் அங்கே போய்க் குவிந்துவிட்டது. 2021இல் தமிழ்நாட்டு மிதுனக்காரர்கள் வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பது நல்லது.

"மிதுனத்துக்கு ஆள் இல்லைன்னு இப்படியா செய்வீங்க?" என்று ஓரக் குறிப்பில் கேட்டிருந்தாள் சண்முகக்கனி. "இனி மிதுனத்துக்கு நான் பொறுப்பு." ஒரே நாளில் எழுபது கட்டங்களைத் திருத்தினாள்.

யார், எந்த நிமிடம், எதை மாற்றினார்கள் என்பதை ஷீட்டே எழுதி வைத்துக்கொள்கிறதாம். போன வருடம் நல்லவேளை இதெல்லாம் கிடையாது.

11 மே, திங்கள்

கன்னி (அவள் ராசி), ஜனவரி 4: 'வீடு திரும்புதல்' என்று போட்டேன். சும்மாதான். மாலையில் பார்த்தால் அடித்துவிட்டு, 'நிதானம்'.

ஜனவரி 5, 'கருணை' என்று போட்டேன். அவள் மாற்றியது: 'யோசனை'.

விருச்சிகத்துக்கு நான் போட்டிருந்த 'புகழ்' போய் 'வாய் அடக்கம்' வந்திருந்தது. ஒரு கட்டத்துக்கு ஒரு சொல் என்ற விதியைச் சுட்டிக்காட்டினேன். ஐந்து நிமிடத்தில் 'நாவடக்கம்' என்று மாற்றிப் பச்சை அடித்துவிட்டாள்.

இருபத்து நாலு வருட வாழ்க்கையில் இது எங்களுக்குள் நடந்த மிக நாகரிகமான சண்டை.

18 மே, திங்கள்

விருச்சிகம், பிப்ரவரி 11: 'மாத்திரை'.

பார்த்ததும் எழுந்து போய் ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டேன். கன்னி, பிப்ரவரி 11: 'போட்டாச்சு' என்று எழுதினேன். சிறிது நேரத்தில் அதை 'ஆறுதல்' என்று மாற்றியிருந்தாள். பிப்ரவரி 12, விருச்சிகம்: 'உணவு'. கன்னி: 'உப்புமா'. அதை 'ஏமாற்றம்' என்று மாற்றினாள். சரியான திருத்தம்தான்.

3 ஜூன், புதன்

கோவில்பட்டி பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஆனால் வேறு மாவட்டம், இ-பாஸ் வேண்டும். திருமணம், மருத்துவம், மரணம் என்று காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. என் காரணம் அந்த வரிசையில் இல்லை. என் காரணம் என்ன என்று நான் எங்கேயும் எழுதவுமில்லை.

திருமணம் என்பதைத் தேர்ந்தேன். அழைப்பிதழைப் பதிவேற்று என்றது. எங்கள் கல்யாணப் பத்திரிகையைப் படமெடுத்து ஏற்றினேன். பொய் இல்லையே. மாலையில் பதில் வந்தது: நிராகரிக்கப்பட்டது, விழாத் தேதி முடிந்துவிட்டது.

19 ஜூன், வெள்ளி

டிசைன் பேச வினோலியா போன் செய்தாள். பேச்சுவாக்கில், "கனி அக்கா எதுக்குப் போனாங்கண்ணே?" என்றாள்.

"அவ அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து."

"பேர் வைக்கிற விசேஷம்னு சொன்னீங்க."

"பேரும் வச்சு, காதும் குத்தி..."

"அண்ணே, பிள்ளை மே மாசந்தான் பெறந்திருக்கு. அக்கா போட்டோ அனுப்பினாங்க."

நெட் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன். பொய்யை மட்டும் புரூஃப் பார்க்காமல் வெளியே விடக்கூடாது.

சரி. டைரிதானே, எழுதிவிடுகிறேன். மார்ச் 19 எங்கள் கல்யாண நாள். 2020 காலண்டரில் அந்தத் தாளுக்குக் கன்னி ராசிக்கு டின்னிலிருந்து வந்த சொல் 'மகிழ்ச்சி'. அவள் பச்சைக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஃபைலை அச்சகத்துக்குக் கொண்டுபோனவன் நான். வழியில் எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. அச்சகத்துக் கம்ப்யூட்டரில் மகிழ்ச்சியை எடுத்துவிட்டு 'நச்சரிப்பு' என்று போட்டேன். காலையில் பார்ப்பாள், சிரிப்பாள், அன்றைக்குக் கேசரி கிடைக்கும் என்பது கணக்கு.

காலையில் அவள் பார்த்தாள். அவளுக்கு முன்பே அவள் மதினி கோவில்பட்டியில் பார்த்துவிட்டுப் போன் செய்திருந்தாள். தெருவில் நாலு வீட்டில் நம் காலண்டர்தான். நாலு கன்னி ராசிக்காரிகள் புருஷனோடு சண்டையாம்.

சண்முகக்கனி கத்தவில்லை. "சொல்லுக்காக இல்ல. அதவிட மோசமா நேர்லயே சொல்லியிருக்கீங்க. நான் கையெழுத்துப் போட்டதுல கை வச்சீங்க. அடியில இருக்கறது என் கையெழுத்து" என்றாள். அந்தத் தாளைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். மறுநாள் காலை கிளம்பிவிட்டாள்.

நான் அப்போது என்ன சொன்னேன் என்றால், "இதுக்குப் போயா?"

20 ஜூன், சனி

தோசை வட்டமாக வந்தது. காட்ட ஆளில்லை.

25 ஜூலை, சனி

ஆடிப்பெருக்குக்குப் புது வருட மாதிரி ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவது எங்கள் ஊர்த் தொழில் வழக்கம். அதற்கு முன் தினத்தாள் ஃபைல் அச்சுக்குப் போயாக வேண்டும் என்பது அண்ணாச்சியின் வழக்கம். இன்று ஷீட்டைத் திறந்தால் நாற்றங்கால் மாதிரி ஒரே பச்சை. நாலாயிரத்து முந்நூற்று எழுபத்தொன்பது கட்டங்கள். ஒன்று மட்டும் வெள்ளை.

2021 மார்ச் 19. கன்னி.

ஓரத்தில் குறிப்பு: "இதை எழுத வேண்டியவர் எழுதவும்."

'மகிழ்ச்சி' என்று போட்டேன். அழித்தாள். 'பாராட்டு'. அழித்தாள். 'மதிப்பு', 'மேன்மை', 'ஆபரணம்'. ஆபரணத்தைக் கொஞ்சம் வேகமாகவே அழித்தாள்.

அறுபத்திரண்டு சொல்லும் தீர்ந்தன. மறந்துபோன மூன்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்த நாலு மாதத்தில் அவள் எழுதியதிலிருந்து அவற்றைக் கற்றுக்கொண்டேன்: பொறுப்பு, பரிவு, தெளிவு.

27 ஜூலை, திங்கள்

அண்ணாச்சி தனியாகப் போன் செய்தார். பின்னணியில் மிக்ஸி.

"ஒரு கட்டத்துக்காக ஃபைல் நிக்கி. அச்சகத்துக்காரன் வையுதான். நீ எதையாச்சும் போட்டு நீயே பச்சை அடிச்சிரு."

"பச்சை அவ அடிக்கணும் அண்ணாச்சி."

"உனக்கும் அந்தப் பெயிண்டு டப்பா இருக்குல்லா? வினோலியா காமிச்சா. ஒரு அமுக்கு. முடிஞ்சுது சோலி. ஏய்யா, புருசன்தானே நீ, உனக்கில்லாத உரிமையா?"

"அதனாலதான் அண்ணாச்சி."

"என்னது?"

"நெட் சரியில்ல."

ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெயிண்டு டப்பா படம் மேலே, இடது பக்கத்தில் இருக்கிறது. அம்புக்குறி தானாகவே அங்கே போய் நின்றது. என் கைக்கு இந்த வழி பழக்கம்.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் குக்கர் கழுவினேன். ஏற்கெனவே கழுவிய குக்கர்தான்.

28 ஜூலை, செவ்வாய்

காலை பத்து பத்துக்கு அந்தக் கட்டத்தில் எழுதினேன்: 'நீ கையெழுத்துப் போட்ட பிறகு நான் கை வைத்தது தப்பு. சிரிப்பாய் என்று நினைத்தது அதைவிடத் தப்பு. இனி உன் பச்சையைத் தொடமாட்டேன்.'

கட்டத்துக்குள் அடங்காமல் துலாம், விருச்சிகம் எல்லாவற்றின் மேலும் வழிந்தது. அது பொது ஷீட் என்பது எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது.

பத்து பன்னிரண்டுக்கு அண்ணாச்சி: "இது எந்த ராசிக்குய்யா பலன்? துலாத்தைக் காணல."

பத்து பதினைந்துக்கு வினோலியா: "அண்ணே, எழுத்தைச் சின்னதாக்கினாலும் இது தாள்ல அடங்காது. பின்பக்கமும் சேர்த்து அடிக்கவா?"

பன்னிரண்டு மணி வரை 'ச'விடமிருந்து ஒன்றும் இல்லை. நான் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு இருபதுக்கு அதற்குள் ஒரு கோடு துடிக்க ஆரம்பித்தது. யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள். என் மூன்று வாக்கியங்களும் கடைசியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் குறைந்தன. ஒரே அமுக்கில் அழிக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. படித்துப் படித்து அழித்தாள். வெள்ளையாக நின்றது. பிறகு ஒரு சொல் வந்தது.

'தெளிவு'.

பச்சை.

2 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பாழாய்ப்போன ஞாயிற்றுக்கிழமை, முழு ஊரடங்கு. பூஜை ஜூமில். அண்ணாச்சி தன் வீட்டில் சூடம் காட்ட, நாங்கள் அவரவர் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். வினோலியாவின் மாமியாரும் வந்து ஒற்றிக்கொண்டார். அவர் ராசிக்கு ஜனவரி முழுக்க என்ன வைத்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

மாதிரிக் காலண்டரை அண்ணாச்சி கண்ணை மூடிப் பிரித்து ஒரு தாளைப் படித்தார்.

"பிப்ரவரி பதினொண்ணு. விருச்சிகம்... மாத்திரை." கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "மாத்திரையா? இது டின்லயே கெடையாதே. புரூஃப்ல விட்டுட்டியாம்மா கனி?"

'ச' வட்டத்தின் மைக் திறந்தது. நாலரை மாதத்துக்குப் பிறகு அவள் குரல்.

"விடல அண்ணாச்சி. தெரிஞ்சுதான் வச்சேன். விருச்சிகக்காரங்களுக்கு ஞாபகப்படுத்தணும்."

மைக் மூடிக்கொண்டது. எனக்குச் சூடப் புகை கண்ணில் பட்டுவிட்டது. சூடம் அண்ணாச்சி வீட்டில்தான் எரிந்தது என்றாலும்.

14 ஆகஸ்ட், வெள்ளி

திங்கள் முதல் கேட்கிற எல்லோருக்கும் இ-பாஸ் கிடைக்குமாம். செய்தி வந்த அரை மணியில் போனில் அவளிடமிருந்து ஒரு வரி: "17ஆம் தேதித் தாளைப் பாருங்க."

சுவரில் இருப்பது மார்ச் 20. முன்கூட்டித் தூக்கிப் பார்ப்பது எங்கள் வீட்டில் குற்றம். நாளைக் கிழித்துத்தான் அடுத்த நாளுக்குப் போக வேண்டும் என்பது அவள் சட்டம். ஸ்டூலைப் போட்டு ஏறினேன். மார்ச்சுக்குப் பன்னிரண்டு, ஏப்ரலுக்கு முப்பது, மே, ஜூன், ஜூலை, ஆகஸ்டில் பதினாறு. நூற்றைம்பது நாட்களை ஒரே நிற்பில் கிழித்தேன். கட்டாகப் பிடித்து இழுத்திருக்கலாம், ஒவ்வொன்றாகக் கிழித்தேன். அத்தனை தாளிலும் அடியில் பொடி எழுத்தில் 'புரூஃப்: ச.க.' என்று இருந்தது. இத்தனை வருடம் அதை நான் படித்ததே இல்லை.

பதினேழு வந்தது. போன வருடம் டின்னிலிருந்து எடுத்த சீட்டுகள். யார் கையில் வந்தது என்று ஞாபகமில்லை. தொழில் ரகசியம் தெரிந்த எவனும் இதை நம்பமாட்டான். நான் ஸ்டூலிலிருந்து இறங்கி, முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு வந்து மறுபடி படித்தேன்.

17 ஆகஸ்ட், திங்கள்

மச்சான் காரில் கொண்டுவந்து விட்டார். கொஞ்சம் ராகுகாலம்தான், பரவாயில்லை.

முகக்கவசத்தோடு உள்ளே வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. குக்கரைப் பார்த்தாள். தரையில் குவிந்து கிடந்த நூற்றைம்பது தாளைப் பார்த்தாள். நேரே சுவருக்குப் போய், கண்ணாடியை ஏற்றிவிட்டு, விரலால் ஒவ்வொரு ராசியாகத் தொட்டு வந்தாள். அந்தத் தாளில் நான் கை வைக்கவில்லை, சத்தியம்.

கன்னி: பயணம். விருச்சிகம்: பணிவு.

"புரூஃப் சரியாத்தான் பாத்திருக்கேன்" என்றாள். பையை என் கையில் கொடுத்தாள்.

வாங்கிக்கொண்டேன்.